கதிர்சிகிச்சையின் அளவை ஒளியால் அறிவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

புற்றுநோய்க்குத் தரப்படும் கதிர்வீச்சின் அளவு எவ்வாறு சரிபார்க்கப்படுகிறது என்பது குறித்தும், சிண்டிலேட்டர் எனப்படும் ஒளிரும் பொருளைக் கொண்டு அதை அளக்கும் முறை குறித்தும் வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு, மருத்துவ இயற்பியல் துறையைச் சேர்ந்த எங்கள் கட்டுரையாளர் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் தாயாருக்கு நாளொன்றுக்கு 2 கிரே வீதம் மொத்தம் 50 கிரே கதிர்சிகிச்சை தரவிருப்பதாக மருத்துவர் கூறினார். எல்லாவற்றையும் கணினி திட்டமிடுகிறது, இயந்திரம் நிறைவேற்றுகிறது. அப்படியிருக்க, தனியாக ஒரு கருவியை வைத்து ஏன் அளக்க வேண்டும்?
— ஒரு வாசகி

பதில்: கிரே என்பது ஒரு கிலோகிராம் திசு ஏற்றுக்கொள்ளும் ஒரு ஜூல் ஆற்றலைக் குறிக்கும் அலகு. வெப்பமாகக் கணக்கிட்டால் இது மிகச் சொற்பமானது. ஒரு கிரே கதிர்வீச்சு தண்ணீரின் வெப்பநிலையை ஏறத்தாழ 0.00024 டிகிரி செல்சியஸ் மட்டுமே உயர்த்தும். ஆயினும் அந்த ஆற்றல் உயிரணுவின் மரபணு இழைகளை முறிக்கும் விதத்தில் இறங்குவதால், அளவில் ஏற்படும் சிறிய மாற்றமும் சிகிச்சையின் பலனை மாற்றிவிடக்கூடும். அளவு குறைந்தால் கட்டி மீண்டும் வளரும் வாய்ப்பு கூடுகிறது. மிகுந்தால் அருகிலுள்ள நல்ல திசு பாதிக்கப்படுகிறது. கதிர்வீச்சு அலகுகளுக்கான சர்வதேச ஆணையம் 1976ஆம் ஆண்டிலேயே, கட்டிக்குச் சேரும் அளவு திட்டமிட்டதிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று தன் 24ஆம் அறிக்கையில் வலியுறுத்தியது. உங்கள் தாயாரின் சிகிச்சையில் அந்த 5 சதவீதம் என்பது இரண்டரை கிரே, அதாவது ஒரு நாள் சிகிச்சையைவிடச் சற்று அதிகம்.

இயந்திரம் தானாகக் கிரேயை அறியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதன் தலைப்பகுதியில் உள்ள உணர்கருவி, வெளியேறும் கதிர்வீச்சை ‘மானிட்டர் யூனிட்’ என்ற அதற்கே உரிய அலகில் எண்ணுகிறது. அந்த ஓர் அலகுக்கு எத்தனை கிரே என்பதையும், கதிர்க்கற்றையின் அகலம் மாறும்போது அந்த விகிதம் எப்படி மாறும் என்பதையும் மனிதர்கள்தான் அளந்து கணினிக்குத் தருகிறார்கள். அந்த அளவீடு தவறாக இருந்தால், இயந்திரமும் கணினியும் எந்தக் குறையுமின்றி இயங்கியபடியே ஒவ்வொரு நோயாளிக்கும் தவறான அளவைத் தந்துகொண்டிருக்கும். வேறு எந்தச் சோதனையும் எளிதில் பிடிக்க முடியாத பிழை அது.

கேள்வி: சிண்டிலேட்டர் என்பது என்ன? அதன் ஒளியிலிருந்து கதிர்வீச்சின் அளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
— இயற்பியல் இளங்கலை மாணவர்

பதில்: கதிர்வீச்சு பட்டதும் கண்ணுக்குப் புலப்படும் ஒளியை உமிழும் பொருளே சிண்டிலேட்டர். அணு இயற்பியலின் தொடக்க நாள்களிலிருந்தே இது நமக்குத் துணையாக இருந்துவருகிறது. வில்லியம் குரூக்ஸ் 1903இல், துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் ஆல்ஃபா துகள்கள் விழும்போது தோன்றும் மினுக்குகளை உருப்பெருக்கி வழியே காட்டும் சிறு கருவியை உருவாக்கினார். 1909இல் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டெனும் இருட்டறையில் அமர்ந்து, அத்தகைய மினுக்குகளைக் கண்ணாலேயே எண்ணித்தான், தங்கத் தகட்டில் பட்டுத் திரும்பும் ஆல்ஃபா துகள்களைக் கண்டறிந்தனர். 1940களில், மங்கிய ஒளியையும் மின்குறியாக மாற்றும் ஒளிப்பெருக்கிக் குழல் கண்ணின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இன்று சிகிச்சைக் கதிரை அளக்கப் பெரிதும் பயன்படுவது நெகிழிச் சிண்டிலேட்டர். பாலிஸ்டைரீன் அல்லது பாலிவினைல்டொலுவீன் என்ற நெகிழியில் ஒளிரும் சாய மூலக்கூறுகளைச் சிறிதளவு கலந்து இதைச் செய்கிறார்கள். கதிர்வீச்சு விடுவிக்கும் எலக்ட்ரான்கள் நெகிழியின் மூலக்கூறுகளைக் கிளர்த்துகின்றன; அந்தக் கிளர்ச்சி சாயத்துக்குக் கைமாறுகிறது; சாயம் சில நானோ நொடிகளுக்குள் நீல அல்லது பச்சை ஒளியாக அதை வெளியிடுகிறது. ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுக்கு ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ஒளித்துகள்கள் வெளிப்படும். அவற்றில் சில சதவீதம் மட்டுமே சிண்டிலேட்டரோடு ஒட்டப்பட்ட ஒளியிழைக்குள் புகுந்து, பல மீட்டர் பயணம் செய்து, சிகிச்சை அறைக்கு வெளியே உள்ள ஒளிமானியை அடைகிறது.

நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருக்கும் சிண்டிலேஷன் எண்ணியிலிருந்து இது ஓர் இடத்தில் விலகிச் செல்கிறது. எண்ணியில் ஒவ்வொரு மினுக்கும் தனித்தனியே பதிவாகும். சிகிச்சைக் கற்றையிலோ ஒரு நுண்நொடிக்குள் எண்ணற்ற எலக்ட்ரான்கள் சிண்டிலேட்டரைக் கடப்பதால் மினுக்குகளைப் பிரித்தெண்ண வழியில்லை, தேவையும் இல்லை. வெளிப்படும் மொத்த ஒளியைத் தொகுத்தால் போதும், அது சிண்டிலேட்டர் ஏற்றுக்கொண்ட ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இத்தனை ஒளிக்கு இத்தனை கிரே என்ற விகிதத்தை மட்டும் சிண்டிலேட்டரால் தானாகச் சொல்ல முடியாது. காற்றில் கதிர்வீச்சு உண்டாக்கும் மின்னூட்டத்தை அளக்கும் ‘அயனி அறை’ என்ற கருவியால் முன்பே அளந்த ஒரு கற்றையில் அதை வைத்து அந்த விகிதத்தைக் கண்டுகொள்ள வேண்டும்.

கேள்வி: பல பத்தாண்டுகளாக அயனி அறையைக் கொண்டே அளந்துவருகிறோம், அதன் நம்பகத்தன்மையில் யாருக்கும் ஐயமில்லை. புதிய ஒன்றுக்கு என்ன அவசியம் வந்தது?
— மருத்துவ இயற்பியல் பயிற்சியாளர்

பதில்: அகலமான கற்றைகளுக்கு அவசியம் எதுவும் வரவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 10 சென்டிமீட்டர் அகலமுள்ள கற்றையில் அயனி அறைக்கு நிகரான கருவி இன்றும் மருத்துவமனையில் இல்லை. கற்றைகள் சுருங்கியபோதுதான் சிக்கல் தொடங்கியது. மூளையில் உள்ள சிறு கட்டிகளுக்குச் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள கற்றைகளைப் பயன்படுத்துகிறோம். ஒரே அமர்வில் 20 கிரே வரை தருவதும் உண்டு. பிரித்துத் தரும் சிகிச்சையில் இருக்கும், அடுத்த நாள் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இதில் இல்லை.

சிறு கற்றையின் நடுவில் மட்டுமே அளவு உச்சத்தில் இருக்கும். ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலே சரியத் தொடங்கும். அதில் 24 மில்லிமீட்டர் நீளமும் 0.6 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உள்ள ஃபார்மர் வகை அயனி அறையை வைத்தால், அறையின் பெரும்பகுதி கற்றைக்கு வெளியே கிடக்கும். கருவி உச்சத்தையும் சரிவையும் சேர்த்துச் சராசரியைக் காட்டும், அதாவது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பும் இயற்பியலாளர், இந்தக் கற்றை வலிமை குறைந்தது என்று முடிவுசெய்து இயந்திரத்தைக் கூடுதல் நேரம் இயக்குமாறு கணினிக்குத் தரவு கொடுப்பார். கருவி குறைத்துக் காட்டிய அளவுக்கு நோயாளி மிகையாகப் பெறுவார்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. பிரான்சின் துலூஸ் நகரில் 2006 ஏப்ரல் முதல் 2007 ஏப்ரல் வரை இத்தகைய நுண்கற்றைச் சிகிச்சை பெற்ற 145 நோயாளிகள் மிகை அளவுக்கு உள்ளானார்கள். கற்றையின் அளவுக்குப் பொருந்தாத பெரிய உணர்கருவியால் தொடக்க அளவீட்டைச் செய்ததே காரணம். ஓராண்டுக் காலம் எவருக்கும் ஐயம் எழவில்லை என்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. கருவி பழுதாகவில்லை, அது தனக்குள் விழுந்ததைச் சரியாகவே அளந்தது. கற்றைக்கு ஏற்ற கருவியா என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமல் போய்விட்டது.

அப்படியானால் அயனி அறையையே சிறிதாக்கினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவுக்குச் செய்கிறார்கள். ஆனால் அறையின் உள்ளே இருப்பது காற்று. சிறிதாக்கச் சிறிதாக்க, மின்னூட்டம் தரும் காற்றின் நிறை குறைந்து, கம்பிகளில் எழும் கசிவு மின்னோட்டங்களே அளவீட்டைக் கெடுக்கத் தொடங்கும். நெகிழியோ காற்றைவிட 850 மடங்குக்கு மேல் அடர்த்தியானது. ஒரு மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் நீளமும் உள்ள சிண்டிலேட்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 2.4 கன மில்லிமீட்டர், அதாவது ஃபார்மர் அறையில் 250இல் ஒரு பங்கு. ஆனால் நிறையைக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஃபார்மர் அறையிலுள்ள காற்று 0.7 மில்லிகிராம், இந்தத் துணுக்கு 2.5 மில்லிகிராம். அளவில் அத்தனை சிறியது, ஆற்றலை ஏற்பதில் மூன்று மடங்கு பெரியது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அயனி அறையின் காற்றுக் குழியானாலும், உணர்கருவியாகப் பயன்படும் சிலிக்கான் டயோடானாலும் தண்ணீருக்குள் வைத்தவுடன் அங்குள்ள எலக்ட்ரான்களின் ஓட்டத்தையே மாற்றிவிடுகிறது. காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் சிறு கற்றையில் குறைவாகவும், சிலிக்கான் அடர்த்தி மிகுந்தது என்பதால் மிகுதியாகவும் காட்டும். நெகிழியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.03 முதல் 1.05 கிராம் வரை. எலக்ட்ரான்களை அது தடுக்கும் விகிதமும் தண்ணீரை ஒத்தது. எனவே அளக்கப்போன இடத்தில் அளக்கவேண்டிய பொருளை அது கலைப்பதில்லை. சர்வதேச அணுசக்தி முகமையும் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமும் இணைந்து 2017இல் வெளியிட்ட, சிறு கற்றைகளுக்கான 483ஆம் தொழில்நுட்ப அறிக்கை, ஒவ்வொரு வகை உணர்கருவிக்கும் திருத்தக் காரணிகளைப் பட்டியலிடுகிறது. கருவியின் பருமனால் ஏற்படும் சராசரி விளைவை நீக்கிவிட்டால், நெகிழிச் சிண்டிலேட்டருக்கான காரணி ஏறத்தாழ ஒன்றுதான். திருத்தம் தேவைப்படாத கருவியே சிறந்த கருவி என்பது என் கருத்து.

கேள்வி: பெட் ஸ்கேன் கருவியிலும் சிண்டிலேட்டர் இருப்பதாகப் படித்தேன். இரண்டும் ஒன்றா?
— பத்தாம் வகுப்பு மாணவி

பதில்: ஒளிரும் தன்மை ஒன்று, தேர்வு நேர்மாறானது. பெட் ஸ்கேனில் உடலிலிருந்து வெளிவரும் காமா கதிர்களைத் தவறவிடாமல் பிடிக்க வேண்டும். எனவே லுட்டீசியம், பிஸ்மத் போன்ற கனமான தனிமங்கள் கொண்ட படிகங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிகிச்சைக் கற்றையில் கதிர்வீச்சுக்குப் பஞ்சமே இல்லை. அங்கே கருவி உடல்திசுவைப் போல நடந்துகொள்வதுதான் முக்கியம்; அதனால் கரிமமும் ஹைட்ரஜனும் மட்டும் கொண்ட இலேசான நெகிழி போதும்.

கேள்வி: ஒளியிழையே கதிர்வீச்சில் ஒளிர்ந்துவிடும் என்றும், அதனால் அளவீடு பிழைபடும் என்றும் கேள்விப்பட்டேன். அது உண்மையானால் இந்த முறையை எப்படி நம்புவது?
— ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

பதில்: மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். இந்தத் துறையின் கடந்த முப்பது ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி உங்கள் கேள்விக்கு விடை தேடியே கழிந்திருக்கிறது.

ஓர் ஊடகத்தில் ஒளி செல்லும் வேகத்தை மிஞ்சி ஒரு மின்னூட்டத் துகள் பாய்ந்தால், விரையும் படகின் இருபுறமும் அலை எழுவதுபோல, அதன் பாதையைச் சுற்றிக் கூம்பு வடிவில் நீல ஒளி எழுகிறது. 1934இல் இதைக் கண்டறிந்த செரென்கோவின் பெயராலேயே அது வழங்கப்படுகிறது. அவருக்கும், விளக்கம் தந்த ஃபிராங்க், டாம் ஆகியோருக்கும் 1958இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒளியிழையாகப் பயன்படும் அக்ரிலிக் நெகிழியின் ஒளிவிலகல் எண் 1.49. அதில் செரென்கோவ் ஒளி எழ எலக்ட்ரானுக்கு 180 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய ஆற்றல் இருந்தால் போதும். கதிர்சிகிச்சை இயந்திரமான முடுக்கியின் கற்றையில் பெரும்பாலான எலக்ட்ரான்கள் இந்த வரம்பைத் தாண்டியவையே. எனவே சிண்டிலேட்டர் தன் ஒளியை அனுப்பும் அதே இழை, கற்றைக்குள் கிடக்கும் தன் நீளம் முழுவதிலிருந்தும் தன் பங்குக்கு ஒளியைச் சேர்த்து அனுப்புகிறது. அந்த ஒளி சிண்டிலேட்டர் இருக்கும் புள்ளியின் அளவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இழை எந்தக் கோணத்தில் கிடக்கிறது என்பதையும் பொறுத்து அது மாறும். கூம்பின் கோணம் ஏறத்தாழ 48 டிகிரி என்பதால், கற்றைக்கு அதையொட்டிய சாய்வில் இழை இருக்கும்போது மிகுதியான ஒளி உள்ளே சிக்கிக்கொள்ளும்.

1992இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டார், மாக்கி, ஆட்டிக்ஸ் ஆகிய மூவரும் நெகிழிச் சிண்டிலேட்டரைச் சிகிச்சைக் கற்றைகளுக்கு முறையாக அறிமுகப்படுத்திய கட்டுரைகளை வெளியிட்டபோதே இதற்கு ஒரு வழியையும் சொன்னார்கள். சிண்டிலேட்டர் இல்லாத இன்னோர் இழையை முதல் இழைக்கு இணையாக வைத்து, அது தரும் ஒளியைக் கழித்துவிடுவதே அந்த வழி. நேர்மையான, எளிதான முறை. ஆனால் அளவு செங்குத்தாகச் சரியும் சிறு கற்றையின் விளிம்பில், ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு இழைகளும் ஒரே கதிர்வீச்சைப் பெறுவதில்லை. சிண்டிலேட்டரின் பயன் எங்கே மிகுதியோ அங்கேயே இந்த முறை தளர்ந்துவிடுகிறது.

சிலர் இழையையே மாற்றிப் பார்த்தார்கள். உள்ளே வெள்ளி பூசிய வெற்றுக் குழாய் வழியே ஒளியைக் கொண்டுசென்றால், காற்றில் செரென்கோவ் ஒளி எழ எலக்ட்ரானுக்கு 20 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் வேண்டும் என்பதால் தொல்லை ஏறத்தாழ ஒழிந்துவிடும். ஆனால் குழாய் வளையாது, ஒளி இழப்பும் அதிகம். வேறு சிலர், முடுக்கியின் கதிர்வீச்சு சில நுண்நொடித் துடிப்புகளாக வருவதைப் பயன்படுத்தி, துடிப்பு முடிந்தபின் மெதுவாகத் தணியும் வகைச் சிண்டிலேட்டரின் ஒளியை மட்டும் அளந்தார்கள்.

நடைமுறையில் வென்றது நிறத்தைக் கொண்டு பிரிக்கும் முறை. ஃபாண்ட்பான் குழுவினர் 2002இல் இதை வெளியிட்டார்கள். செரென்கோவ் ஒளி நீலத்தில் செறிந்து, அலைநீளம் கூடக்கூட ஒரே சீராகத் தேயும்; சிண்டிலேட்டரின் ஒளியோ சாயத்துக்கே உரிய ஒரு நிறத்தில் குவியும். ஆகவே வரும் ஒளியை நீலம், பச்சை என இரண்டு வழிகளில் பிரித்து அளந்தால், இரண்டு அளவுகளிலிருந்து இரண்டு ஒளிகளின் பங்கையும் கணக்கிட்டுவிடலாம். இதற்கு இரண்டு நிலைகளில் அளவீடு செய்துகொள்ள வேண்டும்: சிண்டிலேட்டருக்கு ஒரே அளவு கிடைக்க, இழை ஒருமுறை கற்றைக்குள் மிகுதியாகவும் மறுமுறை குறைவாகவும் கிடக்க வேண்டும். இன்று விற்பனைக்கு வரும் கருவிகள் பலவும் இந்த அடிப்படையில் இயங்குபவை.

நம்புவது எப்படி என்று கேட்டீர்கள். ஒரு சோதனை போதும். சிண்டிலேட்டரை அசைக்காமல், இழையை மட்டும் கற்றைக்குள் வெவ்வேறு விதமாகக் கிடத்தி அளந்து பார்க்க வேண்டும். திருத்தம் சரியாக இருந்தால் விடை மாறாது. ஒரு சதவீதத்துக்கு மேல் மாறினால் அன்று அந்தக் கருவியைக் கொண்டு எதையும் அளக்கக் கூடாது. நெடுநாள் பழகிய கருவியானாலும் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள் என்றே இளம் இயற்பியலாளர்களிடம் வேண்டிக்கொள்கிறேன்.

கேள்வி: புரோட்டான் சிகிச்சைக்கும் இதே கருவி பயன்படுமா?
— ஒரு வாசகர்

பதில்: அளவைச் சொல்வதற்கு எச்சரிக்கையோடு; இடத்தைச் சொல்வதற்குத் தாராளமாக.

புரோட்டான் தன் பயணத்தின் முடிவில், பிராக் முகடு எனப்படும் இடத்தில், ஆற்றலை மிக நெருக்கமாக இறக்குகிறது. அங்கே கிளர்ச்சியுற்ற மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஒட்டி நெரிசலாக இருப்பதால், ஒரு பகுதி ஆற்றல் ஒளியாக மாறாமலே தணிந்துவிடுகிறது. ஆற்றல் இறங்கும் செறிவு கூடும்போது ஒளி அதே விகிதத்தில் கூடாமல் பின்தங்குவதை விவரிக்கும் விதி பர்க்ஸின் பெயரால் 1951 முதல் அறியப்படுகிறது. இதன் விளைவாக, எங்கே அளவு உச்சமோ அங்கேதான் சிண்டிலேட்டர் குறைத்துக் காட்டும். கார்பன் அயனிகளில் இது இன்னும் கடுமை. திருத்திக்கொள்ள வழி உண்டு. ஆனால் திருத்தத்துக்கு அந்தப் புள்ளியில் உள்ள துகள்களின் ஆற்றல் செறிவு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அதேவேளை, சிண்டிலேட்டர் திரையையோ திரவச் சிண்டிலேட்டர் நிரப்பிய தொட்டியையோ கேமராவால் படமெடுத்தால், புரோட்டான் கற்றை எங்கே விழுகிறது, எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதை ஒரு மில்லிமீட்டருக்கும் நுட்பமாக, உடனுக்குடன் காணலாம். புரோட்டான் மையங்களின் அன்றாடச் சோதனைகளில் சிண்டிலேட்டர் திரைகளுக்கு நிலையான இடம் கிடைத்ததற்கு இதுவே காரணம்.

கேள்வி: ஃபிளாஷ் சிகிச்சை, எம்.ஆர்.ஐ. இணைந்த முடுக்கி ஆகியவற்றில் வழக்கமான உணர்கருவிகள் தடுமாறுகின்றன என்கிறார்கள். சிண்டிலேட்டர் அங்கே உதவுமா?
— மருத்துவ இயற்பியல் முதுகலை மாணவி

பதில்: இரண்டிலும் உதவும், ஆனால் காரணங்கள் வேறு.

வழக்கமான சிகிச்சையில் நிமிடத்துக்குச் சில கிரே தருகிறோம். ஃபிளாஷ் முறையில் நொடிக்கு 40 கிரேக்கு மேல். 2018இல் சுவிட்சர்லாந்தின் லூசான் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இம்முறையில் 15 கிரே தரப்பட்டபோது, அதற்கு ஆன நேரம் 90 மில்லி நொடி. இத்தனை வேகத்தில் அயனி அறைக்குள் உருவாகும் அயனிகள் மின்முனைகளை அடையும் முன்பே ஒன்றோடொன்று கூடி மறைந்துவிடுவதால் அறை பெரிதும் குறைத்துக் காட்டும். சிண்டிலேட்டரில் அயனிகளைச் சேகரிக்கும் வேலையே இல்லை. சில நானோ நொடிகளில் அது ஒளிர்ந்து முடித்துவிடுகிறது. ஒரு துடிப்பைத் தனியே அளக்கவும் முடியும். வெளியே உள்ள ஒளிமானியும் மின்னணுச் சுற்றும் அந்த ஒளிவெள்ளத்தில் தம் அளவிடும் எல்லையை எட்டிவிடாமல் இருக்கின்றனவா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எம்.ஆர்.ஐ. இணைந்த முடுக்கியில் 1.5 டெஸ்லா வரையிலான காந்தப்புலம் எலக்ட்ரான்களின் பாதையை வளைக்கிறது. காற்றுக் குழிக்குள் அந்த வளைவு பெரிதாவதால், அயனி அறையை எந்தத் திசையில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை சில சதவீதம் மாறும். நெகிழியில் காற்றும் இல்லை, உலோகமும் இல்லை. ஆயினும் காந்தப்புலம் எலக்ட்ரான்களைத் திருப்பும்போது செரென்கோவ் கூம்பும் சேர்ந்து திரும்புகிறது. இழைக்குள் சிக்கும் ஒளி மாறுகிறது. ஆகவே நிறப்பிரிப்புக்கான அளவீட்டைக் காந்தப்புலம் இல்லாத வேறோர் அறையில் செய்து எடுத்துவரக் கூடாது. உங்கள் ஆய்வேடு இதைப் பற்றியது என்றால் இந்த ஓர் இடத்தில் கூடுதல் கவனம் வையுங்கள்.

கேள்வி: உடலுக்குள் கதிரியக்க ஊசிகள் செலுத்தித் தரும் சிகிச்சையில் இந்த உணர்கருவியையும் உள்ளே வைப்பார்களாமே? அதனால் மின்சார ஆபத்தோ கூடுதல் கதிர்வீச்சோ உண்டா?
— ஒரு வாசகர்

பதில்: இரண்டும் இல்லை. அயனி அறைக்கு 300, 400 வோல்ட் மின்னழுத்தம் தேவை. சிண்டிலேட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. உடலுக்குள் இருப்பது நெகிழித் துணுக்கும் இழையும் மட்டுமே. அது கதிர்வீச்சை உமிழ்வதும் இல்லை.

பிராக்கிதெரபி எனப்படும் இந்தச் சிகிச்சையில் பெரும்பாலும் இரிடியம்-192 என்ற கதிரியக்க மூலம் (கதிர்வீச்சைத் தரும் பொருள்) மெல்லிய குழாய்கள் வழியே உள்ளே சென்று, குறித்த இடங்களில் குறித்த நொடிகள் நின்று திரும்புகிறது. குழாய்கள் இடம் மாறி இணைக்கப்பட்டாலோ, நீளம் தவறாகப் பதிவானாலோ, மூலம் தவறான இடத்தில் நின்றுவிடும். சிண்டிலேட்டரின் ஒளி அந்தக் கணமே மாறுவதால், தவறு நடக்கும்போதே சிகிச்சையை நிறுத்த இயலும். பின்னர் ஆய்வகத்தில் எடுத்துப் படிக்கவேண்டிய வெப்ப ஒளிர்வுத் துணுக்குகளால் இது முடியாது.

இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. மூலத்திலிருந்து 10 மில்லிமீட்டர் தொலைவில் உணர்கருவி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே அளவு ஏறத்தாழ 20 சதவீதம் மாறும். கருவி சற்று நகர்ந்ததா, சிகிச்சை பிழைத்ததா என்று பிரித்தறிவது எளிதன்று. எச்சரிக்கை எல்லையைக் குறுக்கி வைத்தால் வீணாக நிறுத்த நேரிடும். தளர்த்தி வைத்தால் உண்மையான பிழை நழுவும்.

வெப்பநிலையும் கவனிக்கத்தக்கது. தொடக்கத்தில் நெகிழிச் சிண்டிலேட்டர் வெப்பநிலையால் பாதிக்கப்படாது என்றே கருதினார்கள். பின்னர் நடந்த ஆய்வுகளில், பச்சையாக ஒளிரும் ஒரு வகை ஒவ்வொரு டிகிரிக்கும் அரை சதவீதம் மங்குவதும், நீலமாக ஒளிரும் இன்னொரு வகை 0.1 சதவீதத்தையொட்டியே மங்குவதும் தெரியவந்தது. 22 டிகிரி அறையில் அளவீடு செய்த கருவியை 37 டிகிரி உடலுக்குள் வைத்தால், முதல் வகையில் ஏழு சதவீதத்துக்கு மேல் குறையும். திருத்தம் செய்வது எளிது. செய்ய மறப்பதுதான் ஆபத்து. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில், புராஸ்டேட் சிகிச்சையின்போது மலக்குடலில் வைக்கும் பலூனின் மேல் சிண்டிலேட்டர்களைப் பொருத்தி நோயாளிகளிடமே அளந்திருக்கிறார்கள். வெளிப்புறக் கற்றைச் சிகிச்சையிலும் உடலுக்குள் அளக்க முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

கேள்வி: எனக்கு விரைவில் கதிர்சிகிச்சை தொடங்கவுள்ளது. சிண்டிலேட்டர் வைத்து அளக்குமாறு நானே கேட்கலாமா?
— ஒரு வாசகி

பதில்: கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் வெளியிலிருந்து அகலமான கற்றைகளால் தரும் பெரும்பாலான சிகிச்சைகளில் உங்கள் உடலில் தனியாக ஒன்றை வைக்கத் தேவையிராது. தற்கால முடுக்கிகளில் நோயாளிக்குக் கீழே விரியும் படத்தட்டு ஒன்று இருக்கும். அதன் உள்ளேயும் காடோலினியம் ஆக்சிசல்ஃபைடு என்ற சிண்டிலேட்டர் படலம்தான் உள்ளது; உங்களை ஊடுருவி வரும் கதிர்களைப் பதிவுசெய்து திட்டத்தோடு ஒப்பிட அதைப் பயன்படுத்தும் மையங்கள் உண்டு.

அதைவிடப் பயனுள்ள இரண்டு கேள்விகளை உங்களுக்குச் சொல்கிறேன். முதலாவது, இந்த இயந்திரத்தின் கதிர்வீச்சு அளவை வெளியிலுள்ள ஓர் அமைப்பு தனியாகச் சரிபார்த்திருக்கிறதா என்பது. சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார அமைப்பும் 1969 முதல் அஞ்சல்வழி இத்தகைய சரிபார்ப்பை உலகெங்கும் நடத்திவருகின்றன. இதைக் கேட்பதை எந்த நல்ல மையமும் தவறாக எடுத்துக்கொள்ளாது. இரண்டாவது கேள்வி, உங்களுக்குத் தரவிருப்பது மிகச் சிறிய கட்டிக்கான நுண்கற்றைச் சிகிச்சையாக இருந்தால் மட்டும்: அந்தச் சிறு கற்றைகளை எந்த உணர்கருவியால் அளந்தீர்கள், வேறு வகையான இன்னொரு கருவியாலும் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று அங்குள்ள மருத்துவ இயற்பியலாளரிடமே கேளுங்கள். அவருடைய பதிவேட்டில் அதற்கான விடை எண்களோடு இருக்க வேண்டும்.